மாதா படம் இருக்கும் உயரம்

பிப்ரவரி 2, திங்கள்
காலை 138/88.

இந்த டைரியை மருந்துக் கம்பெனிக்காரன் டாக்டருக்குக் கொடுத்தான், டாக்டர் எனக்குக் கொடுத்தார். "தினமும் பிரஷர் பாத்து எழுதுங்க. அன்னைக்கு என்ன நடந்ததுன்னும் ரெண்டு வரி எழுதுங்க. எதுனால ஏறுதுன்னு நமக்குத் தெரியணும்லா" என்றார். முப்பத்து மூன்று வருடம் பேங்கில் வேலை பார்த்தவனுக்கு எதனால் ஏறும் என்று தெரியாதா? பிப்ரவரி வந்தால் ஏறும், மார்ச் முப்பத்தொன்று முடிந்தால் இறங்கும். இதற்கு ஒரு டைரி வேறு.

பகவதி விடமாட்டாள். மெஷினை என் கையில் சுற்றிவிட்டு நம்பர் வரும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள். "பேசாம இருங்க, பேசுனா ஏறும்" என்கிறாள். பேசுவது அவள்.

பிப்ரவரி 4, புதன்
காலை 140/90.

தலைமை அலுவலகத்திலிருந்து புதுப் படிவம் வந்திருக்கிறது. பதினொரு பக்கம், நாற்பத்திரண்டு கேள்வி. இனிமேல் எந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தாலும், பழைய கடனைப் புதுப்பித்தாலும், இயற்கையால் அந்தக் கம்பெனிக்கு என்ன ஆபத்து, கம்பெனியால் இயற்கைக்கு என்ன ஆபத்து என்று எழுதி மார்க் போட வேண்டுமாம். மார்க் கூடினால் வட்டி கூடும். அதற்கும் மேலே போனால் கடனே கிடையாது. இதுவரை கம்பெனிக்காரனின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தோம், பத்திரத்தைப் பார்த்தோம், அவன் சம்பந்தி யார் என்றுகூடப் பார்த்தோம். இனி மேகத்தையும் பார்க்க வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி: 'நிறுவனத்தின் மூலப்பொருள் இயற்கையின் எந்தச் சேவையைச் சார்ந்துள்ளது?' கடவுளின் சேவையை என்று எழுதலாமா என்று சீஃப் மேனேஜரிடம் கேட்டேன். "குற்றாலலிங்கம், நிரப்பி அனுப்பும்வே. தத்துவம் பேசாதீரும்" என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி
காலை 138/90. மாலை 150/94.

முதல் ஃபைல், அமலதாசன் அண்ணாச்சியின் உலர்மலர்க் கம்பெனி. தூத்துக்குடியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், கீழக்கோட்டாங்குளம். தாமரைக் காய், பனை ஓலை, சோளத்தட்டை எல்லாவற்றையும் காயவைத்து, வெளுத்து, சாயம் ஏற்றி, கொத்துக் கட்டி ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். அங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டை அலங்கரிப்பார்களாம். நம் ஊர்க் குளத்தில் அழுகிப்போகிற காய்க்கு அங்கே யூரோ. நூற்றுப்பத்துப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நல்ல கணக்கு, ஒரு மாதம்கூட வட்டி தவறியதில்லை.

இந்த வருடம் பழைய கடனைப் புதுப்பிப்பதோடு, புது ஷெட் கட்டவும் கடன் கேட்கிறார். பின்னால் ஓடைப் பக்கம் சரிந்து கிடக்கிற நிலத்தை வாங்கிப் போட்டிருக்கிறார். இன்னும் நாற்பது பெண்களுக்கு வேலை கிடைக்கும்.

பதினேழாவது கேள்வி: 'கடந்த பத்து ஆண்டுகளில் நிறுவன வளாகத்தில் வெள்ளம் புகுந்ததுண்டா?' போன வருடத்து ஆய்வு அறிக்கையிலும் இதே கேள்வி இருந்தது. அதில் எழுதியிருந்ததைப் பார்த்து 'இல்லை' என்று எழுதினேன். போன வருடம் எழுதியவனும் நான்தான்.

பிறகு டீ குடிக்கப் போனேன்.

பிப்ரவரி 7, சனி
மெஷினில் கோளாறு இருக்கும். நேற்று மாலை ஏறியதற்கு வேறு காரணமே இல்லை. பகவதி, "நேத்து கருவாட்டுக் கொழம்பு" என்கிறாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்
காலை 140/88. மாலை 162/100.

சென்னையிலிருந்து மிருதுளா என்று ஒரு பெண் வந்திருந்தது. இந்தப் படிவத்தைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பிள்ளை. அதுதான் எரிச்சலாக இருந்தது. திமிராகப் பேசியிருந்தால் நானும் இரண்டு பேசியிருப்பேன்.

அமலதாசன் ஃபைலிலிருந்து, வருடத்துக்கு ஒன்றாக ஏழு போட்டோக்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். எல்லாம் நான் ஃபைலில் வைத்தவை. நாங்கள் எல்லாக் கம்பெனியையும் மார்ச்சில்தான் போய்ப் பார்ப்போம். அப்போதுதான் ஃபைல் புதுப்பிக்க வேண்டும், அப்போதுதான் ஆபீஸ் கார் கிடைக்கும். கம்பெனி வாசலில் ஒரு படம், உள்ளே சரக்கு மூட்டைகளுக்கு முன்னால் அதிகாரி நிற்கிற மாதிரி ஒரு படம். போய்ப் பார்த்ததற்கு அதுதான் சாட்சி.

"சார், ஒரு சின்ன டவுட். எல்லாப் படத்துலயும் உங்க பின்னாடி சுவத்துல ஒரு சாமி படம் இருக்கு பாருங்க."

"மாதா படம்மா. ஓனர் ஆர்.சி. கிறிஸ்டியன்."

"ஓகே சார். மொத ரெண்டு வருஷம் உங்க தோள் பக்கத்துல இருக்கு. அடுத்த ரெண்டு வருஷம் தலைக்கு மேல. கடைசி மூணு வருஷம் கதவு நிலைக்கும் மேல போயிடுச்சு. ஏன் சார் மேல மேல போகுது?"

ஏழு வருடமாக அந்தப் படத்துக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

"பக்தி கூடியிருக்கும்" என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். "கேட்டுட்டு எனக்கு ஒரு மெயில் போட்டுடுறீங்களா சார்? புது ஷெட் லோன் இருக்குல்ல, அதான்" என்றாள்.

போட்டோவைப் பார்த்தோமா, சரக்கு இருக்கிறதா என்று பார்த்தோமா என்றில்லாமல், சுவரைப் பார்க்கிறாள். என்ன பிள்ளையோ!

பிப்ரவரி 20, வெள்ளி
காலை 148/94.

கீழக்கோட்டாங்குளம் போனேன். அண்ணாச்சி கப்பல் கம்பெனி வேலையாகச் சென்னை போயிருந்தார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துப் போகவில்லை, அப்படி அமைந்தது.

கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண், "வாங்க பேங்க் சார்" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். முருகம்மாள் என்று பெயர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். எழுந்திருக்க வேண்டாம் என்றேன். முன்பு அவள் உள்ளே சாயத் தொட்டிப் பக்கம் நின்ற ஞாபகம்.

உள்ளே செபஸ்தியம்மாள்தான் மேற்பார்வை. ஐம்பது வயது, அண்டா மூடி மாதிரி குரல். "சார் மார்ச்சுலதான வருவிய, என்ன இந்தத் தடவ முன்னாலயே? இருங்க, குடிக்கக் கலர் வாங்கிட்டு வரச் சொல்லுதேன்" என்றாள். சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்றேன். பேச்சுவாக்கில் கேட்பது போல மாதா படத்தைப் பற்றிக் கேட்டேன்.

அவள் எதையும் ஒளிக்கவில்லை. பெருமையாகவே சொன்னாள்.

"அது எங்க வழக்கம் சார். குளம் உடைஞ்சு தண்ணி எம்புட்டு ஒசரம் வருதோ, அதுக்கு மேல ஒரு சாண் விட்டு மாதாவ ஏத்திருவோம். மொத மொத மேசையிலதான் வச்சிருந்தோம். மேச முங்கிட்டு. அப்பொறம் ஆணி அடிச்சோம். அதுவும் முங்கிட்டு. இப்பம் மூணு வருஷத்துக்கு முன்ன வந்திச்சி பாருங்க, அதான் பெருசு. ஆறடி. அதுக்கு மேல ஒரு சாண். வெள்ளையடிச்சி மறைச்சாலும் எங்களுக்கு அளவு தெரியணும்லா."

"யாரு வெள்ளையடிச்சா?" என்று நான் கேட்கவில்லை.

அந்த மூன்றாவது வெள்ளத்தில் முப்பத்து நாலு பெண்கள் பரண் மேல் தாமரைக்காய் மூட்டைகளில் ஏறி உட்கார்ந்திருந்தார்களாம். காலையில் வேலைக்கு வந்தவர்கள். ஒன்பது மணிக்குக் குளம் உடைந்திருக்கிறது. பேப்பரில் நாலு வரி வந்தது, ஞாபகம் இருக்கிறது. முருகம்மாள் பரணிலிருந்து சறுக்கித் தண்ணீரில் விழுந்தாளாம். "கொண்டையப் புடிச்சி இழுத்தோம் சார். இடுப்பு அங்க இடிச்சதுதான். பெறவு அவளால நேரா நிக்க முடியல" என்றாள்.

கிளம்பும்போது, ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "புது ஷெட்டுல மாதாவ எங்க வைப்பிய?" என்றேன்.

செபஸ்தியம்மாள் பின்பக்க ஜன்னல் வழியாக ஓடைப் பக்கத்து நிலத்தைப் பார்த்தாள். "அதான் சார் எங்களுக்கும் தெரியல. அந்த எடம் இங்கத்த விட நாலடி பள்ளம். ஷெட்டு ஒசரம் பத்தடின்னு மேஸ்திரி சொன்னாரு. நாங்களும் கணக்குப் போட்டுப் பாத்தோம். மாதாவக் கூரைக்கு மேலதான் வைக்கணும்."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு
காலை 152/96.

பகவதியின் தம்பி சங்கரவேல் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். தீயணைப்பில் இருக்கிறான். நான் கீழக்கோட்டாங்குளம் போய்வந்ததைப் பகவதி சொல்லிவிட்டாள். "அத்தான், அந்தக் கம்பெனியா? நான்தான அன்னைக்கு ரப்பர் படக எறக்குனேன். நீங்க போன் பண்ணுனதும்..." என்று ஆரம்பித்தான். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். பகவதி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மாலையில் குளியலறைக் குழாயைக் கழற்றி மாட்டினேன். ஒழுகவில்லை. இப்போது ஒழுகுகிறது.

பிப்ரவரி 25, புதன்
156/96. மெயில் இன்னும் போடவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி
போடவில்லை.

மார்ச் 3, செவ்வாய்
காலை 150/94. மாலை 164/102.

அமலதாசன் அண்ணாச்சி மக்ரூன் டப்பாவோடு வந்தார். எனக்குச் சர்க்கரை என்று அவருக்குத் தெரியும், "வீட்டுக்கு" என்றார். எப்போதும் வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஜெபமாலை. முகத்தில் கவலை தெரிந்தது.

"ஜெர்மனிக்காரன் ரெண்டு மடங்கு ஆர்டர் தாரேங்கான் சார். ஜூனுக்குள்ள ஷெட்டு எழும்பணும். அந்தச் சென்னைப் புள்ள என்னமோ மாதா படத்தக் கேட்டுச்சாமே?"

கேட்டது, நான் போய் விசாரித்தேன், என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றேன்.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "இதுல எழுத என்ன சார் இருக்கு? நீங்கதான அன்னைக்குச் சொன்னிய, 'வெள்ளையடிச்சிட்டுக் கூப்பிடுங்க, வந்து படம் எடுக்கேன். தண்ணி வந்துச்சுன்னு எழுதுனா அக்கவுண்ட் படுத்துரும்'னு. நானும் கொழுந்தியா வீட்டுல கைமாத்து வாங்கி ஒப்பேத்துனேன். இப்பம் மட்டும் என்ன புதுசா?"

சொன்னேன். ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது அவருக்கு நல்லதற்குத்தான். இன்சூரன்ஸ் பாலிசியில் தீ மட்டும்தான் இருந்தது, வெள்ளம் இல்லை. எழுதியிருந்தால் மேலேயிருந்து கடனைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். கம்பெனி மூடியிருக்கும். நூற்றுப்பத்துப் பெண்கள் தெருவில் நின்றிருப்பார்கள். அந்த வருடம் எங்கள் கிளையில் வாராக்கடனே இல்லை என்று சீஃப் மேனேஜருக்குக் கேடயம் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு சுவர்க் கடிகாரம். இன்னும் ஓடுகிறது.

மார்ச் 5, வியாழன்
காலை 154/98.

ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் ஒரு மாதம். 'வெள்ளம் வந்தது' என்று எழுதினால், 'போன வருடம் ஏன் இல்லை என்று எழுதினாய்' என்று கேட்பார்கள். விசாரணை வைத்தால் ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். எழுதாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஏழு மாதம், எட்டு மாதம் ஒன்றும் நடக்காது. அதன்பிறகு ஐப்பசி வரும்.

நாற்பது பெண்கள் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து கொத்துக் கட்டுவார்கள். பத்தடிக் கூரை.

பகவதியின் தையல் டேப்பை எடுத்து வீட்டு ஹாலில் பத்தடி அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரையே பத்தடிதான். "என்ன, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறியளா?" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு
காலையில் பார்க்கவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது.

வாங்கிப் போட மனமில்லை. மார்க்கெட்டுக்குப் போனேன், பை எடுக்காமல் திரும்பி வந்தேன், மறுபடி போனேன், பேட்டரி வாங்க மறந்து வெண்டைக்காய் வாங்கி வந்தேன். பகவதி, "உங்களுக்கு என்னமோ ஆயிட்டு. மனசுல கெடக்கத எங்கிட்டயாவது சொல்லித் தொலைங்க" என்றாள். மார்ச் மாதம் எல்லா பேங்க்காரனும் இப்படித்தான் என்றேன்.

மார்ச் 12, வியாழன்
காலை 160/100.

எழுதிவிட்டேன்.

பதினேழாவது கேள்வி: 'உண்டு. மூன்று முறை. கடைசி முறை ஆறடி. முந்தைய அறிக்கைகளில் இல்லை என்று குறிப்பிட்டது என் தவறு.' புது ஷெட் வரும் இடம் நாலடி தாழ்வானது என்றும், மாதா படம் ஏன் மேலே போகிறது என்றும் தனித் தாளில் எழுதி இணைத்தேன். ஒன்பதாவது கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதினேன்: தாமரைக் காய் பதினாறு குளங்களிலிருந்து வருகிறது, அதில் ஐந்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது, மேலக்கோட்டாங்குளத்தின் கரை இன்னும் சரியாகக் கட்டப்படவில்லை. காய் கொடுக்கிற குளமும் அதுதான், உடைந்துகொண்டு வருகிற குளமும் அதுதான்.

கையெழுத்தும் போட்டேன். வீரத்தினால் இல்லை, பயத்தினால்தான்.

மார்ச் 16, திங்கள்
காலை 158/98.

சீஃப் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். "ஏன்வே, உமக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுட்டீரே! நீரே இல்லன்னு எழுதுவீரு, நீரே உண்டுன்னு எழுதுவீரு. இனி மத்த ஃபைலையும் தோண்டுவானுவ. கேடயத்தையும் திருப்பிக் கேப்பானுவ!"

கடிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்
மாலை 176/108.

முடிவு வந்தது. பழைய கடனை அரை சதவீதம் வட்டி கூட்டிப் புதுப்பித்திருக்கிறார்கள். ஓடைப் பக்கத்து நிலத்தில் ஷெட் கட்டக் கடன் கிடையாது. மேட்டுப் பக்கம், தரையை ஐந்தடி உயர்த்திக் கட்டுவதாக இருந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

அமலதாசன் அண்ணாச்சி நேரே என் மேஜைக்கு வந்தார். மக்ரூன் டப்பா இல்லை. ஹாலில் எல்லாரும் இருந்தார்கள்.

"சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீரே வே! மேட்டுல எடம் எங்க இருக்கு? அஞ்சடி ஒசத்திக் கட்டுனா பாதி ஷெட்டுதான் தேறும். ஜெர்மனிக்காரன் காத்திருப்பானா?"

பெண்களின் பாதுகாப்பு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"பொம்பளையளப் பத்தி நீரு பேசுதீரா? அன்னைக்குப் பதினோரு மணிக்கு உமக்கு நான் போன் போட்டேன். உம்ம மச்சினன் தீயணைப்புல இருக்காரே, ஒரு வார்த்தை சொல்லும்னு கெஞ்சுனேன். முப்பத்து நாலு பொம்பளையாளு உள்ள கெடக்காவன்னு சொல்லுதேன். நீரு மொதல்ல என்ன கேட்டீரு? ஞாபகம் இருக்கா? 'சரக்கு நனைஞ்சிட்டா?'ன்னு கேட்டீரு!"

அவர் போய்விட்டார்.

கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். இந்த டைரியில் அதை எழுதாமலே தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். பதினொன்று ஐந்துக்கு அவர் போன் வந்தது. சரக்கைப் பற்றிக் கேட்டேன். மேலாளர்கள் மீட்டிங் வீடியோவில் போய்க்கொண்டிருந்தது, அந்த மாதத்து இலக்கு பற்றி. மீட்டிங் முடிந்து பன்னிரண்டேகாலுக்குத்தான் சங்கரவேலைக் கூப்பிட்டேன். அவன் இருபத்தைந்து நிமிடத்தில் படகோடு போய்விட்டான். முருகம்மாள் தண்ணீரில் விழுந்தது பன்னிரண்டு மணி வாக்கில் என்று செபஸ்தியம்மாள் சொன்னாள். அப்போது கோவிலில் உச்சிக்காலப் பூஜைச் சங்கு ஊதியதாம்.

இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 25, புதன்
பகவதியிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் டிவியை அணைத்தாள். அப்புறம், "தம்பி அன்னைக்கே எங்கிட்ட சொன்னான், ஒரு மணி நேரம் முந்தித் தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்னு. நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்" என்றாள்.

மார்ச் 31, செவ்வாய்
கணக்கு முடிப்பு. மெமோ வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

ஏப்ரல் 6, திங்கள்
காலை 144/92.

டாக்டரிடம் டைரியைக் கொடுத்தேன். எண்களை மட்டும் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். மனிதர் வாசலில் பத்துப் பேர் காத்திருக்கும்போது உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி, மாத்திரையை ஒரு அளவு கூட்டினார்.

ஜூலை 15, புதன்
காலை 140/90.

இரண்டு வருடச் சம்பள உயர்வைப் பிடித்துவிட்டார்கள். ஓய்வூதியம் தப்பியது. அடுத்த வருடத்திலிருந்து ஆய்வை மார்ச்சில் மட்டும் நடத்தக் கூடாது, மழைக்காலத்தில் ஒரு முறை போக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. யார் எழுதச் சொன்னது என்று அதில் இல்லை. மிருதுளா ஒரு மெயில் போட்டிருந்தாள்: 'தேங்க்ஸ் சார்.' நான் பதில் போடவில்லை. எதற்கு நன்றி என்று எனக்குத் தெரியவில்லை.

அமலதாசன் அண்ணாச்சி மேட்டில் பாதி ஷெட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஃபைலை வேறு அதிகாரி பார்க்கிறார்.

நவம்பர் 9, திங்கள்
காலை 138/88.

மூன்று நாளாக மழை. புயல் இல்லை, வெள்ளம் இல்லை, சாதாரண ஐப்பசி மழை. லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறிக் கீழக்கோட்டாங்குளம் போனேன். செபஸ்தியம்மாள் போன வாரம் போன் செய்திருந்தாள்: "புது ஷெட்டு முடிஞ்சிட்டு சார். மாதாவ வைக்கப் போறோம். நீங்க வரணும்." ஏன் என்னை என்று கேட்டதற்கு, "வாங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஏழு வருடமாகப் போய்வந்த ஊர். ஆனால் அந்த ஓடையில் தண்ணீர் ஓடி இன்றுதான் பார்க்கிறேன். மார்ச்சில் அது வெறும் முள்ளுக்காடாகக் கிடக்கும். புது ஷெட் வரவேண்டியிருந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டு எருமைகள் சுகமாகக் கிடந்தன.

அமலதாசன் அண்ணாச்சி மேட்டில் குடையோடு நின்றார். என்னைப் பார்த்தார். "வாங்க" என்றார். சார் போடவில்லை. அந்தத் தண்ணீரை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். நாற்பது பேருக்குப் பதிலாகப் பதினெட்டுப் பேரைத்தான் எடுக்க முடிந்ததாம். வேலை கிடைக்காத இருபத்திரண்டு பேரில் ஒருத்தி முருகம்மாளின் மகள்.

முருகம்மாள் புது ஷெட்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாதா படம். துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் முன்னால் நின்றேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"முருகம்மா, அன்னைக்குத் தீயணைப்புக்கு நாந்தான் சொல்லியிருக்கணும். ஒரு மணி நேரம் லேட்டாச் சொன்னேன்."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "அண்ணாச்சி சொன்னாவ" என்றாள். பிறகு, "ஒரு மணி நேரமா சார்? எங்களுக்கு ஒரு நாளு மாதிரி இருந்திச்சி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கண் நிறைந்துவிட்டது. அத்தனை பெண்களுக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

"சரி, இப்பம் வந்துட்டியள்லா. அந்த ஆணிய எடுத்து அக்காட்ட குடுங்க" என்றாள்.

செபஸ்தியம்மாள் சுத்தியலோடு சுவருக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள். "சார், இங்க தரையே அஞ்சடி ஒசரம். பழைய ஷெட்டுல ஏணி போட்டு ஏணி போட்டு மால போட்டு எனக்கு முட்டு போச்சு. இங்க கைக்கு எட்டுற ஒசரத்துல அடிச்சாப் போதும்லா? இனி தண்ணி வராதுன்னு உங்க பேங்குல எழுதியாச்சுல்லா? சொல்லுங்க, அடிக்கேன்."

இதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பதினெட்டுப் பெண்களும் என் வாயைப் பார்த்தார்கள். முருகம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

கணக்குப்படி வராது. படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது, அளந்து, சரிபார்த்து, மூன்று பேர் கையெழுத்துப் போட்டது. 'வராது' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் முட்டுக்கு விடுதலை. 'இல்லை' என்று எழுதியும் சொல்லியும் எனக்கு எவ்வளவு பழக்கம்!

செபஸ்தியம்மாளைச் சுவரோரமாக நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொன்னேன். விரல் நுனி தொட்ட இடத்துக்கு மேல் என் கையைச் சாணாக விரித்து வைத்தேன்.

"இன்னும் ஒரு சாண் ஏத்தியே அடிங்க" என்றேன். "ஏணி நான் வாங்கித் தாரேன்."